எக்ஸ்ரேயில் தழும்பு, ரத்தத்தில் ‘பாசிட்டிவ்’: சிறுநீரக மாற்று தள்ளிப்போகுமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 41 வயது. விசைத்தறிப் பட்டறையில் மேஸ்திரி. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, 14 மாதங்களாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். 61 வயதான அவருடைய தாயார் தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்திருக்கிறார். ரத்த வகையும் பொருந்திவிட்டது. தேதி குறிக்கும் நேரத்தில் நெஞ்சு எக்ஸ்ரே குறுக்கே வந்து நின்றிருக்கிறது. ‘வலது மேல்பகுதியில் நார்த் தழும்பு, சுண்ணாம்பு படிந்த சிறு முடிச்சு, ஓல்டு காக்ஸ்’ என்று ரிப்போர்ட். பழைய காசநோய் என்று பொருள். அடுத்து எடுத்த ‘டி.பி. கோல்டு’ ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். சி.டி. ஸ்கேனும் சளிப் பரிசோதனையும் செய்து, நுரையீரல் மருத்துவரையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ‘டயாலிசிஸ் ஆரம்பித்தபோது வேறொரு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம் என்றுதானே எழுதினார்கள்? இரண்டில் எது பொய்?’ என்று கேட்கிறார். இடையில் இன்னொரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். ‘நம் ஊரில் இது யாருக்குத்தான் இல்லை? ஆபரேஷனை முடித்துவிட்டு மாத்திரை பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்களாம்.

கடிதத்தின் நான்காம் பக்கத்தில்தான் முக்கியமான விஷயம் வருகிறது. கணவரின் தந்தை காசநோயில் இறந்தவர். அப்போது இவருக்கு 12 வயது. 15 வயதில் இவருக்கும் விடாத இருமல் வந்து, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டு, உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டார். இதை எந்த மருத்துவரிடமும் இன்றுவரை சொல்லவில்லை. ‘சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்றுவிடுவார்கள்’ என்று மாமியார் எல்லோர் வாயையும் கட்டிவைத்திருக்கிறார். ஒன்பது வயது மகளை இரண்டு வாரமாக இரவில் நாத்தனார் வீட்டுக்குப் படுக்க அனுப்புகிறார்கள்.

அன்புச் சகோதரி,

முதலில் அந்த நான்காம் பக்கம். அதை அப்படியே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த டயாலிசிஸ் நாளிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரே, சி.டி., ரத்தப் பரிசோதனை என்று இவ்வளவு செலவு செய்து நாங்கள் தேடுவதில் பாதி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது இல்லாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால், தவறான மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு. ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

ஒரு காலத்தில் காசநோய் வந்து போனது என்பதற்காகச் சிறுநீரக மாற்று மறுக்கப்படுவதில்லை. எங்களைப் போன்ற நுரையீரல் மருத்துவர்களிடம் அனுப்புவதே, பாதுகாப்பாக எப்போது செய்யலாம் என்று சொல்லத்தான். உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. கணவரை இந்த நோயில் பறிகொடுத்தவர், அந்தக் காலத்தில் ஊரார் எப்படி ஒதுங்கினார்கள் என்று பார்த்தவர். மருத்துவர்களே அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் ‘காக்ஸ்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த ராபர்ட் காக் என்பவரின் பெயர் அது. நோயாளியின் காதில் ‘டி.பி.’ என்று விழக்கூடாது என்பதற்காக எங்கள் துறையில் பழகிப்போன மறைசொல். அந்த மறைப்பு இன்று யாருக்கும் உதவாது.

எக்ஸ்ரேக்குத் தெரிவதும் தெரியாததும்

காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களிடம் நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமியைச் சுற்றி வளைத்துக் கட்டிப்போட்டுவிடும். கிருமி சாகாமல், பெருகாமல், அப்படியே கிடக்கும். இதைத்தான் உறங்கும் காசநோய்த் தொற்று என்கிறோம். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, யாருக்கும் பரவாது. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பது தெரியவந்தது. உங்கள் தெருவில் பத்துப் பேர் நின்றால் அதில் மூன்று பேர். ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது அது நோயாக விழித்துக்கொள்ளும்.

‘யாருக்குத்தான் இல்லை’ என்று அந்த மருத்துவமனையில் சொன்னது இந்த அளவில் சரி. ஆனால் உங்கள் கணவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவரைப் போன்றவர் அல்லர். சிறுநீரகம் செயலிழந்தாலே எதிர்ப்புச் சக்தி குறைகிறது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டேக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், கிருமியைக் கட்டிப்போட்டிருக்கும் அதே காவலைத்தான் தளர்த்துகின்றன. உறுப்பு மாற்றுச் செய்துகொண்டவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கிலிருந்து 70 மடங்குக்கு மேல்வரை அதிகம் என்று உலகெங்கும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் நம் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டமும் டயாலிசிஸில் இருப்பவர்களையும் உறுப்பு மாற்றுக்குத் தயாராகிறவர்களையும் தனியாகக் குறிப்பிட்டு, இந்தத் தொற்றைத் தேடிப் பார்க்கச் சொல்கின்றன.

இங்கேதான் ஒரு தவறான எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் கிருமி இல்லை என்று நினைக்கிறோம். உறங்கும் தொற்று உள்ள பெரும்பாலானவர்களின் எக்ஸ்ரே கண்ணாடி மாதிரிச் சுத்தமாகத்தான் இருக்கும். கிருமி கிடக்கும் இடம் அவ்வளவு சிறியது, நிழலாக விழாது. எக்ஸ்ரே எடுப்பதற்குக் காரணங்கள் இரண்டு. நோய் விழித்துக்கொண்டு நுரையீரலைத் தின்ன ஆரம்பித்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் காரணம். என்றோ வந்து ஆறிய நோயின் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. கிருமி உறங்குகிறதா என்ற கேள்விக்கு ரத்தப் பரிசோதனையோ, தோலில் போடும் மேன்டூ ஊசியோதான் ஓரளவு பதில் சொல்லும்.

அந்த ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு குறை உண்டு. உங்கள் கணவரின் ரத்தச் செல்களுக்குக் காசநோய்க் கிருமியின் புரதங்களைக் காட்டி, ‘இதை முன்பே பார்த்திருக்கிறாயா?’ என்று கேட்கும் சோதனை அது. பார்த்திருக்கிறேன் என்கிறது, அவ்வளவுதான். இப்போது நோய் இருக்கிறதா, உறங்குகிறதா, சிகிச்சையில் செத்துப்போய் நினைவு மட்டும் மிச்சமா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நெகட்டிவ் என்று வந்தாலும் முழுதாக நம்ப முடியாது. செல்கள் சோர்ந்துபோய்ப் பதில் சொல்லாமலும் இருக்கலாம்.

இரண்டு எக்ஸ்ரேயில் எது பொய்?

அநேகமாக இரண்டுமே பொய் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது: ‘கழுத்தில் குழாய் போட்ட அன்று எடுத்தது.’ டயாலிசிஸ் அவசரமாகத் தொடங்கும்போது கழுத்து நரம்பு வழியாகக் குழாய் செருகுவார்கள். அது சரியான இடத்தில் நிற்கிறதா, நுரையீரலில் காற்றுக் கசிவு ஏதும் இல்லையே என்று பார்க்க, படுக்கைக்கே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, நோயாளி படுத்த நிலையில் ஒரு படம் எடுப்பார்கள். மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்க அவரால் முடியாது. உடம்பில் நீர் கோத்து நுரையீரலே கொஞ்சம் மங்கலாக இருக்கும். அந்தப் படத்திடம் கேட்ட கேள்வி குழாயைப் பற்றியது. பதிலும் குழாயைப் பற்றித்தான் வந்திருக்கும்.

உங்கள் கணவரின் தழும்பு இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். வலது நுரையீரலின் உச்சி. எக்ஸ்ரேயில் அந்த இடத்தின் மேல் காறை எலும்பும் முதல் விலா எலும்பும் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருக்கும். ஒரு நார்த் தழும்பு அந்த எலும்பு நிழலுக்குள் ஒளிந்துகொள்வது மிகச் சுலபம். என் அறையில் இப்படி இரண்டு படங்களை ஒளிப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, காறை எலும்பின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டே போவேன். ‘இல்லை’ என்று எழுதிய பழைய படத்திலும் அதே கோடு, அதே பட்டாணி அளவு முடிச்சு இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே ரிப்போர்ட் காகிதம் போதாது. பழைய படமே வேண்டும். அந்த மருத்துவமனையில் கேட்டால் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ போட்டுத் தருவார்கள். அதற்கும் முன்னால் ஏதாவது வேலைக்கோ, இன்சூரன்ஸுக்கோ, விபத்துக்கோ எடுத்த படம் பரணில் கிடக்கிறதா என்று தேடுங்கள். பழுப்பேறிய உறையில் பதினைந்து வருடத்துப் படம் ஒன்று கிடைத்தால், என்னைப் போன்றவர்களுக்கு அது புதுச் சி.டி.யைவிடப் பெரிய உதவி. பழைய படத்திலும் புதிய படத்திலும் தழும்பு ஒரே மாதிரி இருந்தால், அது ஆறிய புண் என்று நம்ப வலுவான காரணம் கிடைத்துவிடும். பழையதில் நிஜமாகவே இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால், நோய் விழித்திருக்கிறது என்ற சந்தேகத்தோடு மேலே போக வேண்டும்.

இன்னொன்று: புது எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுப்பதானால் டயாலிசிஸ் முடித்த மறுநாள் எடுங்கள். நீர் வடிந்த நுரையீரலில் நிழல்கள் தெளிவாகத் தெரியும்.

சி.டி. எடுக்கலாம், பயம் வேண்டாம்

‘மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச சிறுநீரும் ஸ்கேன் மருந்தால் நின்றுவிடும்’ என்று யாரோ சொல்லிப் பயந்திருக்கிறீர்கள். பயத்துக்குக் காரணமான அந்த மருந்து, நரம்பில் செலுத்தும் சாயம். உங்கள் கணவருக்கு இப்போது தெரிய வேண்டியதைச் சாயம் இல்லாத சாதாரண நெஞ்சுச் சி.டி.யிலேயே பார்த்துவிடலாம். ‘சாயம் இல்லாமல்’ என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சைப் பொறுத்தவரை, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நம்மேல் விழுவது உலகச் சராசரியில் வருடத்துக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.1. வழக்கமான நெஞ்சுச் சி.டி. அதைவிடப் பல பத்து மடங்கு, ஐந்து முதல் ஏழு வரை வரும். குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுத்தால் ஒன்றரை அளவுக்குள் அடக்கலாம். இந்த ஒரு முறைக்கு அது ஏற்கத்தக்கதே. மாதாமாதம் எடுப்பதற்கு அல்ல.

சி.டி. நுரையீரலை மெல்லிய சீவல்களாக வெட்டிக் காட்டுவதால் எலும்பு மறைக்காது. ஓரங்கள் கூர்மையாக, சுண்ணாம்பு படிந்து, சுற்றியுள்ள திசுவைச் சுருக்கி இழுத்துக்கொண்டிருந்தால் அது பழைய தழும்பின் முகம். சுவர் தடித்த பொந்து, தளிர்விட்ட மரக்கிளை போல மூச்சுக்குழாய் நுனிகளில் பூத்திருக்கும் சிறு புள்ளிகள், வீங்கிய நெறிக்கட்டிகள் தெரிந்தால் நோய் இப்போது வேலை செய்கிறது என்று சந்தேகிப்போம். ஆனால் சி.டி.யில் ஒரு முடிச்சு தெரிந்ததற்காக மட்டும் மருந்து கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். நம் ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சி.டி. எடுத்தால் சுண்ணாம்பு முடிச்சு ஒன்றாவது கிடைப்பது சகஜம். அது மட்டும் தனியாக இருந்தால் ஆபத்தும் குறைவு. மேல்பகுதியில் நார்த் தழும்பும் சேர்ந்து இருப்பதுதான் என் கவனத்தை இழுக்கிறது.

சளிப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ‘சளியே வரவில்லை, எதைக் கொடுப்பது?’ என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பு நீராவி பிடிக்கவைத்துச் சளியை வரவழைப்பார்கள். தேவைப்பட்டால் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவியும் எடுப்பார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனையின் முடிவு ஓரிரு நாளில் வரும். அரசு மையங்களில் இது இலவசம். கூடவே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அது முழுதாக முடிய 42 நாள் ஆகும். அந்த ஆறு வாரத்தை வீணான தாமதமாக நினைக்காதீர்கள். மற்றப் பரிசோதனைகளை முடிக்க அந்த நாட்கள் வேண்டியிருக்கும்.

மாமியாரிடம் கேட்க வேண்டியவை

அடுப்படியில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் கேளுங்கள். அந்த மாத்திரை சாப்பிட்டபோது சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதா? போனது என்றால் அதில் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து இருந்திருக்கிறது. இடுப்பில் தினமும் ஊசி போட்டார்களா? ஒரே மாத்திரையா, கைநிறைய மாத்திரைகளா? எத்தனை மாதம்: தீபாவளிக்கு ஆரம்பித்துப் பொங்கலுக்கு நிறுத்தினார்களா, இல்லை ஆடி வரை ஓடியதா? பண்டிகையை வைத்துக் கேட்டால் பெரியவர்களுக்குக் கணக்கு பளிச்சென்று நினைவுக்கு வரும். இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினார்களா? அப்பா எத்தனை மாதம் படுத்திருந்தார், ஒரே அறையில் படுத்தார்களா?

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒருவர் சரியான மருந்துகளை முழுக்காலமும் சாப்பிட்டு முடித்திருந்தால், ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக இருந்தாலும், எக்ஸ்ரேயில் தழும்பு இருந்தாலும், உறங்கும் கிருமி நோயாக விழிக்காமலிருக்கத் தரும் தடுப்பு மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. பாதியில் நிறுத்தியவருடைய கதை வேறு. அவருடைய தழும்புக்குள் கிருமி இன்னும் உயிரோடு இருக்கும் வாய்ப்பு அதிகம். அதோடு, நோய் சத்தமில்லாமல் விழித்திருக்கும் நேரத்தில் அதை உறக்கம் என்று நினைத்து ஐசோநியாசிட் என்ற ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்த்துவிடுவோம். சந்தேகம் தீராவிட்டால் கல்ச்சர் முடிவு வரும்வரை நான்கு மருந்து கொண்ட முழுச் சிகிச்சையையே தொடங்க உங்கள் மருத்துவர் நினைக்கலாம். இந்த முடிவை எந்தப் படமும் எடுத்துத் தராது. உங்கள் மாமியாரின் நினைவுதான் தரும்.

மாத்திரை: ஆபரேஷனுக்கு முன்பா, பின்பா?

சி.டி.யும் சளியும் ‘நோய் இல்லை, தழும்பு மட்டும்’ என்று சொன்னால், தடுப்பு மருந்துக்குச் சில வழிகள் உண்டு.

தினமும் ஐசோநியாசிட் 300 மில்லிகிராம், ஆறு மாதம். சில மையங்களில் ஒன்பது மாதம். டயாலிசிஸ் நாட்களில் டயாலிசிஸ் முடிந்தபிறகு சாப்பிட வேண்டும்; முன்னால் சாப்பிட்டால் கொஞ்சம் கழுவிக்கொண்டு போய்விடும். கூடவே பி6 வைட்டமின் கட்டாயம். இல்லாவிட்டால் பாதம் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். இந்த வழியின் பெரிய வசதி, மருந்து முடியும்வரை ஆபரேஷன் காத்திருக்க வேண்டியதில்லை. தொடங்கிச் சில வாரங்கள் கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தால் ஆபரேஷன் செய்துகொண்டு மிச்சத்தைப் பின்னால் தொடரலாம்.

வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வேளை, ஐசோநியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்துக் கொடுப்பது இன்னொரு வழி. மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் ரிஃபாபென்டின், ரிஃபாம்பிசின் வகை மருந்துகள் கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். டேக்ரோலிமஸ் அளவு சரிந்தால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரித்துவிடும். அதனால் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆபரேஷனுக்கு முன்பே முடித்தாக வேண்டும். உங்கள் கணவர் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையின் வேகமும் குறையலாம். அந்த வாரங்களில் பி.பி.யை அடிக்கடி பார்க்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்த வாராந்திர மருந்தால் காய்ச்சலும் உடல்வலியும் கொஞ்சம் கூடுதலாக வருவதுண்டு.

அந்த இரண்டாவது மருத்துவமனையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்து கொடுக்காமல் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் மையங்கள் நம் நாட்டில் உண்டு. ஐசோநியாசிட்டுக்கு அடங்காத கிருமி இங்கே பரவலாக இருக்கிறது, கல்லீரலுக்கு ஆபத்து இருக்கிறது, ஆபரேஷனுக்குப் பின் புதிதாகவும் தொற்று வரலாம் என்ற அவர்களுடைய காரணங்கள் பொய்யில்லை. டயாலிசிஸில் காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அப்பாவுக்கு நோய், தனக்கு நோய், பாதியில் நின்ற சிகிச்சை, உச்சியில் தழும்பு, ரத்தத்தில் பாசிட்டிவ் என்று ஐந்தும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது, என்னிடம் வந்திருந்தால் தடுப்பு மருந்து இல்லாமல் நான் அனுப்பமாட்டேன். விழித்திருக்கும் நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் கத்தி வைப்பதை எந்த மையம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்களும் அந்த நான்காம் பக்கம் தெரியாமல்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள், நினைவிருக்கட்டும்.

ஒருவேளை நோய் விழித்திருப்பது தெரிந்தால், ஆறு மாத முழுச் சிகிச்சையை முடித்துவிட்டு ஆபரேஷனுக்குப் போவதே நல்லது. மனம் சோர்ந்துபோகும், தெரியும். ஆபரேஷனுக்குப் பின் இதே நோயைச் சந்திப்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டம். காசநோய் மருந்தும் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

மருந்து சாப்பிடும் காலத்தில் பசி அடியோடு போனால், வாந்தி வந்தால், கண் மஞ்சளானால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அவருக்குச் சிறுநீர் குறைவாகப் போவதால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது; காலை வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். மது எப்போதாவது உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதங்களில் ஒரு சொட்டும் கூடாது.

தருகிறவரின் நெஞ்சையும் பார்க்க வேண்டும்

எல்லோரும் உங்கள் கணவரின் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காசநோயில் படுத்தவரைப் பல மாதம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் உங்கள் மாமியார். அவருக்கும் அதே எக்ஸ்ரே, அதே ரத்தப் பரிசோதனை, இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை எல்லாம் வேண்டும். சிறுநீரில் சீழ் செல்கள் தெரிந்து சாதாரணக் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை என்றால், சிறுநீரகத்திலேயே காசநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். தானமாகப் பெற்ற உறுப்பு வழியாக நோய் வருவது அரிது, ஆனால் நடக்கிறது. அவருக்கு உறங்கும் தொற்று மட்டும் இருந்தால் தானம் தடைபடாது; விவரம் இரு பக்க மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. இதை அவரிடம் குற்றம் சாட்டும் குரலில் சொல்லிவிடாதீர்கள். ‘உங்கள் உடம்பும் நல்லா இருக்கணும் அத்தை, அதுக்குத்தான் பார்க்கிறாங்க’ என்று சொல்லுங்கள். அது முழு உண்மையும்கூட.

ஊர் அறிந்துவிடும் என்ற கவலையும் அவருக்கு இருக்கும். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது மருத்துவர் கட்டுப்பட்டாக வேண்டிய நெறி. அவர் இல்லாமல் நீங்களும் கணவரும் மட்டும் மருத்துவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டாலும் ஏற்பாடு செய்வார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தபிறகும் ஒன்றை மனதில் வையுங்கள். தடுப்பு மருந்து ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது. மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்குக் காசநோய் வந்தால் பல நேரம் நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்து நெறிக்கட்டி, வயிறு, முதுகெலும்பு, மூளை உறை என்று எங்கும் போகும், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மாலைக் காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ வந்தால், ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று யார் சொன்னாலும் அதோடு திரும்பி வராதீர்கள். பழைய கதையை முழுதாகச் சொல்லி, வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். உறங்கும் தொற்று இருமலில் வராது, மூச்சில் வராது, தட்டில் வராது. உங்கள் கணவருக்கு இருமலோ காய்ச்சலோ இல்லை என்றும், எடையும் குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தை இதுவரை அவர் பக்கத்தில்தான் வளர்ந்திருக்கிறாள். சளியின் சிபிநாட் முடிவு இரண்டு நாளில் கையில் கிடைத்துவிடும். அதில் கிருமி இருந்தால் அவளையும் பரிசோதித்து அவளுக்கான தடுப்பு மருந்தை இலவசமாகவே தருவார்கள். இல்லை என்று வந்துவிட்டால், அன்று மாலையே நாத்தனார் வீட்டிலிருந்து அவளைக் கூட்டி வந்துவிடுங்கள்.